கிழிந்த சூரியச் சிறகு: ரோபோ கையின் நுனியில் நடந்த ஒரு விண்வெளித் தையல்

2007 அக்டோபர் 30 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியச் சிறகுகளில் ஒன்று விரிந்துகொண்டிருக்கும்போதே கிழிந்தது. நான்கு நாள் கழித்து, நவம்பர் 3-ஆம் தேதி, ஸ்காட் பரசின்ஸ்கி என்ற விண்வெளி வீரர் ரோபோ கையின் நுனியில் கட்டிய ஒரு நீளக் கம்பத்தின் முனையில் நின்று அதைத் தைத்தார். தொழிலால் அவர் மருத்துவர். அதனால் அன்றைக்கு வந்த செய்திகளில் 'அறுவை சிகிச்சை' என்ற சொல் தாராளமாகப் புழங்கியது.

இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. விண்வெளிக்கு மனிதரை அனுப்புவதா, ரோபோவை அனுப்புவதா என்று ஒரு பட்டிமன்றம் ஐம்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் செலவுக் கணக்கு காட்டுவார்கள், இன்னொரு பக்கம் மனித மூளையின் அருமை பற்றிப் பேசுவார்கள். எஸ்டிஎஸ்-120 என்ற விண்ணோட (ஸ்பேஸ் ஷட்டில்) பயணத்தில் நடந்ததைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இந்தக் கேள்வியே சரியில்லை என்று தெரிகிறது. அந்தச் சிறகை மனிதர் மட்டும் போய்த் தொட்டிருக்க முடியாது. ரோபோ மட்டும் போய் எதையும் செய்திருக்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்ததால் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எப்படிச் சேர்ந்தன, சேர்வதற்கு முன்பே என்னவெல்லாம் தயாராக இருந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இடம் மாறிய சிறகு

விண்வெளி நிலையத்தின் முதுகெலும்பு ஒரு நீளமான சட்டம். அதன் இரு பக்கமும் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் சிறகுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிறகும் முழுதாக விரிந்தால் சுமார் 35 மீட்டர் நீளம், 11 மீட்டருக்கு மேல் அகலம். ஏவும்போது இவை ஒரு பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாக, மடக்கு விசிறியைப் போல இருக்கும். நடுவில் இருக்கும் தூண் உருளையிலிருந்து மெல்ல வெளியே வர, அது பெட்டியின் மூடியை இழுத்துக்கொண்டே போக, தகடுகள் ஒவ்வொன்றாகப் பிரியும். தகடுகள் கோணாமல் வரிசையாக மடியவும் விரியவும், சிறு வளையங்கள் வழியாக மெல்லிய வழிக்கம்பிகள் ஓடுகின்றன. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் மூலம் அந்தக் கம்பிகள்தான்.

பி6 என்ற பகுதி 2000-ஆம் ஆண்டின் இறுதியில் நிலையத்துக்குப் போனது. அப்போது சட்டத்தின் மற்ற பகுதிகள் வந்திருக்கவில்லை. அதனால் அதைத் தற்காலிகமாக நிலையத்தின் உச்சியில் பொருத்தி, இரண்டு சிறகுகளையும் விரித்து வைத்தார்கள். நிலையம் வளர வளர, அதை எடுத்து இடப்பக்கக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே திட்டம். எடுக்க வேண்டுமானால் சிறகுகளை மறுபடி மடிக்க வேண்டும். ஆறு ஆண்டு வெயிலிலும் குளிரிலும் விரிந்து கிடந்த தகடுகளை மடிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. 2006 டிசம்பரில் 4பி என்ற சிறகை மடிக்கும்போது வழிக்கம்பிகள் வளையங்களில் சிக்கின. திட்டத்தில் இல்லாத ஒரு விண்நடையைக் கூடுதலாகச் சேர்த்து, பாப் கர்பீமும் ஸ்வீடனைச் சேர்ந்த கிறிஸ்டர் ஃபூக்லெசாங்கும் வெளியே போய், மின்கடத்தா டேப் சுற்றிய கருவிகளால் தட்டியும் தள்ளியும் ஒருவழியாகப் பெட்டிக்குள் அடக்கினார்கள்.

அடுத்த ஆண்டு கிழிந்தது இதே 4பி. எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சரி, எச்சரிக்கை கிடைத்து என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் அதற்கும் நல்ல பதில் கிடையாது. விரிக்காமல் விட்டால் அந்தச் சிறகால் பயனில்லை. விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

எஸ்டிஎஸ்-120 பயணத்தில் டிஸ்கவரி விண்ணோடம் அக்டோபர் 23-ஆம் தேதி கிளம்பியது. தளபதி பமேலா மெல்ராய். நிலையத்தில் அப்போது தளபதியாக இருந்தவர் பெக்கி விட்சன். இணைந்து நின்ற இரண்டு கலங்களுக்கும் பெண்களே தளபதிகளாக இருந்தது அதுதான் முதல் முறை. டிஸ்கவரி கொண்டுபோன முக்கியச் சரக்கு ஹார்மனி என்ற இணைப்பு அறை. ஐரோப்பாவின் கொலம்பஸ் ஆய்வகமும் ஜப்பானின் கிபோ ஆய்வகமும் அதில்தான் வந்து சேர வேண்டும். அவை இயங்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு பி6 தன் நிரந்தர இடத்துக்குப் போக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வேலை.

பி6-ஐ நகர்த்தியதே ஒரு பெரிய ரோபோ வேலை. சுமார் 16 டன் எடையுள்ள பகுதியை, நிலையத்தின் கையான கனடார்ம்2 கழற்றி எடுத்து, விண்ணோடத்தின் கையிடம் கொடுத்துவிட்டு, தண்டவாளத்தில் ஓடும் மேடையில் தானே சட்டத்தின் கடைசி வரை நகர்ந்து போய், அங்கே மறுபடி வாங்கிக்கொண்டது. அக்டோபர் 30 அன்று பரசின்ஸ்கியும் டக் வீலாக்கும் விண்நடையில் அதைப் பூட்டினார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது.

இரண்டு கோளாறுகள் ஒரே வாரத்தில்

இதற்கு இரண்டு நாள் முன்னால் வேறொரு இடத்தில் தலைவலி ஆரம்பித்திருந்தது. வலப்பக்கச் சிறகுகளைச் சூரியனை நோக்கித் திருப்பும் பெரிய சுழல்மூட்டு சில வாரங்களாக அதிர்ந்துகொண்டிருந்தது. அக்டோபர் 28 அன்று டேன் டானி அதன் உறை ஒன்றைத் திறந்து பார்த்தபோது உள்ளே உலோகத் துகள்கள் சிதறிக் கிடந்தன. டேப்பில் ஒட்டிக் கொஞ்சம் எடுத்துவந்தார். அவை காந்தத்தில் ஒட்டின. அப்படியென்றால் உறையின் அலுமினியத் தேய்மானம் அல்ல, மூட்டின் எஃகு தேய்கிறது என்று அர்த்தம். இடப்பக்க மூட்டை பரசின்ஸ்கி ஒப்பிட்டுப் பார்த்தார், அது சுத்தமாக இருந்தது. வலப்பக்க மூட்டை இனி தேவைக்கு மேல் சுழற்றக் கூடாது என்று ஆனது. சுழலாத சிறகு சூரியனைத் தொடர முடியாது, மின்சாரமும் குறையும்.

இந்த நிலையில்தான் பி6-இன் சிறகுகளை விரித்தார்கள். முதல் சிறகு, 2பி, சிக்கலில்லாமல் விரிந்தது. அடுத்து 4பி. முக்கால்வாசிக்கு மேல் விரிந்த நிலையில் தகடுகளின் ஓரம் கசங்கித் தெரிய, உள்ளே இருந்தவர்கள் உடனே நிறுத்தினார்கள். அதற்குள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. பெரிய கிழிசல் சுமார் இரண்டரை அடி. வழிக்கம்பி ஒன்று இழை பிரிந்து சிக்கிக்கொள்ள, தூண் ஒரு பக்கம் இழுக்க, கம்பி மறுபக்கம் பிடிக்க, நடுவில் மாட்டிய தகடுகள் கீல் ஓரத்தில் பிய்ந்துபோயின.

மின்சாரம் என்று பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை. அந்தச் சிறகு கிழிந்த நிலையிலும் கிட்டத்தட்ட முழு மின்சாரம் தந்தது. ஆனால் பாதியில் நிற்கும் சிறகு உறுதியாக நிற்காது. முழுதாக விரிந்து இறுக்கமானால்தான் அதன் தூணும் தகடுகளும் சேர்ந்து ஒரே அமைப்பாக நிற்கும். பாதியில் நின்றால் மூட்டைச் சுழற்றவும் முடியாது, விண்ணோடமோ சரக்குக் கலமோ வந்து சேரும்போது ஏற்படும் அதிர்வைத் தாங்குமா என்றும் தெரியாது. மடிக்கவும் வழியில்லை, கிழிசல் பெரிதாகலாம். கடைசிக்கு, சிறகை மொத்தமாகக் கழற்றி விண்வெளியில் எறிய வேண்டிவரும். வலப்பக்க மூட்டும் நின்றிருக்கிற நேரத்தில் அதை எறிந்தால் கொலம்பஸும் கிபோவும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

அந்தப் பயணத்தின் நான்காவது விண்நடையில் விண்ணோடத்தின் வெப்பக் கவச ஓடுகளைப் பழுதுபார்க்கும் கருவி ஒன்றைச் சோதிப்பதாகத் திட்டம் இருந்தது. மூட்டில் துகள் கிடைத்ததும், அதை விட்டுவிட்டு மூட்டை ஆராய்வது என்று மாற்றினார்கள். சிறகு கிழிந்ததும் அதையும் விட்டார்கள்.

எட்டாத இடம்

கிழிசலுக்கு எப்படிப் போவது? இதுதான் முதல் கேள்வி. பி6 சட்டத்தின் இடப்பக்கக் கடைசியில் இருக்கிறது, கிழிசல் அங்கிருந்து சிறகின் மேல் பாதியில். விண்வெளி வீரர் பிடித்து ஏறுவதற்குச் சிறகில் கைப்பிடி எதுவும் கிடையாது. இருந்தாலும் ஏறக் கூடாது, கண்ணாடி போல நொறுங்கும் செல்கள், தாளைப் போல மெல்லிய அடிப்படலம். கனடார்ம்2-இன் நீளம் 17.6 மீட்டர். தண்டவாளத்தில் எவ்வளவு தூரம் போய் நின்றாலும் அதன் நுனி கிழிசலை எட்டாது.

அடுத்தது மின்சாரம். சூரியச் சிறகுக்கு நிறுத்த சுவிட்ச் கிடையாது. வெயில் படும்வரை 100 வோல்ட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். விண்வெளி உடைக்குள் நிரம்பியிருப்பது சுத்தமான ஆக்சிஜன். உடையில் உலோக வளையங்கள் உண்டு. தவறான இடத்தில் ஒரு தீப்பொறி போதும்.

இதில் நேரமும் சேர்கிறது. நிலையத்தின் நுழைவாயிலான ஏர்லாக்கிலிருந்து இவ்வளவு தூரத்தில் அதுவரை யாரும் வேலை செய்ததில்லை. உடையில் ஏதாவது கோளாறு என்றால் ஓடிவந்து உள்ளே நுழைய முடியாது, கை எந்த வேகத்தில் நகர்கிறதோ அந்த வேகத்தில்தான் திரும்பி வர முடியும். போவதற்கே முக்கால் மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டார்கள்.

எட்டாத தூரத்துக்கு விடை விண்ணோடத்திலேயே இருந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் அழிந்தபிறகு, ஒவ்வொரு பயணத்திலும் வெப்பக் கவசத்தை விண்வெளியிலேயே பரிசோதிக்க வேண்டும் என்று முடிவானது. அதற்காகக் கேமராவும் லேசர் உணரிகளும் நுனியில் பொருத்திய சுமார் 15 மீட்டர் கம்பம் ஒன்றை உருவாக்கினார்கள். விண்ணோடத்தின் கை அதைப் பிடித்துக்கொண்டு வயிற்றுப் பகுதியையும் இறக்கை விளிம்புகளையும் பார்த்துவரும். ஓடு உடைந்திருந்தால் அங்கே ஒரு வீரரை அந்தக் கம்பத்தின் நுனியிலேயே நிறுத்திப் பழுதுபார்க்க முடியுமா என்றும் யோசித்தார்கள். 2006 ஜூலையில் எஸ்டிஎஸ்-121 பயணத்தில் பியர்ஸ் செல்லர்ஸும் மைக் ஃபோசமும் அந்த நுனியில் ஏறி நின்று, வேலை செய்வதைப் போல அசைந்தும் சாய்ந்தும் பார்த்தார்கள். அவ்வளவு நீளமான கை, அதற்கு மேல் அவ்வளவு நீளமான கம்பம், தூண்டில் குச்சி மாதிரி ஆடும் என்ற பயம் இருந்தது. எதிர்பார்த்ததைவிட நிலையாக இருந்தது, ஆட்டம் சீக்கிரம் அடங்கியது.

அந்தச் சோதனை மட்டும் நடந்திருக்காவிட்டால் 2007-இல் யாரும் இந்தத் துணிச்சலுக்குச் சம்மதித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். கம்பம் வேறு வேலைக்குச் செய்தது, சோதனை வேறு ஆபத்துக்காகச் செய்தது. நிலையத்தின் கை, விண்ணோடத்தின் கம்பத்தைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், இரண்டிலும் ஒரே குடும்பத்துப் பிடிமானக் குமிழ்களை ஆரம்பத்திலிருந்தே வைத்திருந்ததுதான். சர்வதேசத் திட்டங்களில் பொது அளவுகளை ஒப்புக்கொள்ள நடக்கும் கூட்டங்களைப் போல அலுப்பான விஷயம் இல்லை. அந்த அலுப்பின் பலன் இங்கே தெரிந்தது.

ஆனால் அந்தக் கம்பத்துக்கு நிலையத்தின் கை மின்சாரம் தர முடியாது. நுனியில் இருக்கும் உணரிகள் சூடாக்கி இல்லாமல் மணிக்கணக்கில் குளிரில் இருந்தால் கெட்டுப்போகலாம். கெட்டால் டிஸ்கவரி இறங்குவதற்கு முன் தன் கவசத்தைக் கடைசியாகப் பரிசோதிக்க வேண்டிய கருவி போய்விடும். நிலையத்தின் சிறகைக் காப்பாற்ற விண்ணோடத்தின் பாதுகாப்பில் கொஞ்சம் பணயம் வைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தெரிந்தே எடுத்த முடிவு.

கஃப்லிங்க்

கிழிந்த இடத்தை ஒட்ட முடியாது, ஒட்டவும் தேவையில்லை. கிழிந்த கீல் தாங்க வேண்டிய இழுவிசையை வேறு ஏதாவது தாங்கினால் போதும். தகடுகளில் தயாரிப்பின்போதே போட்ட துளைகள் ஆங்காங்கே இருந்தன. ஒரு கம்பியின் இரு முனையிலும் ஒரு சிறு உலோகப் பட்டையைக் கட்டி, ஒரு முனையை மேல் தகட்டின் துளையில் விட்டுக் குறுக்காகத் திருப்பி, மறுமுனையைக் கீழ்த் தகட்டின் துளையில் அதேபோல மாட்டினால், நடுவில் இருக்கும் கிழிசலுக்குப் பாரம் வராது. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டில் போடும் கஃப்லிங்க் இதே மாதிரிதான் மாட்டும், பெயரும் அதுவே ஆனது.

இதை ஹூஸ்டனில் இருக்கும் நாசா கட்டுப்பாட்டு மையத்தில் யோசித்து, மாதிரி செய்து பார்த்து, செய்முறையை மேலே அனுப்பினார்கள். செய்தவர்கள் விமானி ஜார்ஜ் ஜம்காவும் பெக்கி விட்சனும். அலுமினியப் பட்டை, கம்பி, டேப், துளை போடும் கருவி என்று நிலையத்தில் கையில் கிடைத்தவைதான் பொருட்கள். வெவ்வேறு நீளத்தில் ஐந்து செய்தார்கள். கூடவே, சிறகு காற்றில் ஆடுவதைப் போல வீரரை நோக்கி வந்தால் தள்ளிப் பிடிக்க, நுனி வளைந்த ஒரு கோலையும் டேப் சுற்றித் தயார் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹாக்கி மட்டை. உடையின் உலோகப் பகுதிகளும் கருவிகளும் முழுக்க மின்கடத்தா டேப்புக்குள் போயின.

விண்நடை முதலில் நவம்பர் 2 என்று நினைத்திருந்தார்கள், தயாரிப்புக்கு நேரம் போதாமல் ஒரு நாள் தள்ளினார்கள். வழக்கமாக ஒரு விண்நடைக்கு மாதக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் பயிற்சி நடக்கும். இதற்குக் கிடைத்தது மூன்று நாள் சொச்சம்.

ஏன் பரசின்ஸ்கி? அனுபவம் ஒரு காரணம், அது அவருக்கு ஏழாவது விண்நடை. 2001 ஏப்ரலில் கனடார்ம்2-ஐ நிலையத்தில் பொருத்தியது அவரும் கனடாவின் கிறிஸ் ஹேட்ஃபீல்டும். ஆக அந்தக் கையை அவருக்கு அது பெட்டியில் வந்த நாளிலிருந்தே தெரியும். இன்னொரு காரணம் உயரம். 1990-களில் ரஷ்யாவின் மிர் நிலையத்துக்காகப் பயிற்சி எடுத்தபோது, சோயுஸ் கலத்தின் இருக்கைக்கு அதிக உயரம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். ஒரு கலத்துக்கு ஒத்துவராத அதே உயரமும் கை நீளமும் இங்கே தேவைப்பட்டன. கையும் கம்பமும் சேர்ந்து போன எல்லையிலிருந்து கிழிசல் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. பொறியாளர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதிர்ஷ்டம் என்ற சொல்லுக்கு நிகழ்வு ஆய்வுகளில் இடம் கொடுக்க மாட்டார்கள். இங்கே ஒரு வரியாவது கொடுக்கலாம்.

நவம்பர் 3

கம்பத்தின் நுனியில் கால் மாட்டும் பிடி ஒன்றைப் பொருத்தி, அதில் பரசின்ஸ்கி நின்றார். கையை ஓட்டியவர்கள் நிலையத்துக்குள் ஸ்டெபனி வில்சனும் டேன் டானியும். வெளி வேலையின் ஒவ்வொரு படியையும் உள்ளிருந்து வரிசைப்படுத்திச் சொன்னவர் இத்தாலியின் பாவ்லோ நெஸ்போலி. வீலாக் சிறகின் அடிப்பகுதியில் நின்றுகொண்டு, பரசின்ஸ்கிக்கும் சிறகுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொன்னார். கம்பி வெட்டப்பட்டதும் அது தாறுமாறாகச் சுருண்டு போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை.

இதில் அதிகம் பேசப்படாதவர்கள் கையை ஓட்டிய இருவரும். இன்று நிலையத்தில் எல்லாப் பக்கமும் பார்க்கும் ஜன்னல்களோடு கூப்போலா என்ற கூண்டு இருக்கிறது, அது 2010-இல்தான் வந்தது. 2007-இல் கையை ஓட்டும் இடம் ஆய்வகத்துக்குள். மூன்று திரைகள், இரண்டு கைப்பிடிகள். ஒரு கைப்பிடி முன்பின், மேல்கீழ் நகர்த்த, இன்னொன்று திருப்ப. சிறகு நிற்கும் கடைசி முனையை நேராகப் பார்க்க வழியில்லை. கேமராவில் தெரிவது போக மீதியை, நுனியில் நிற்பவர் வாயால் சொல்லித்தான் அறிய வேண்டும். ஏழு மூட்டுள்ள கை, அதில் ஏதோ ஒரு மூட்டை ஒரு டிகிரி தவறாகத் திருப்பினால் அங்கே நுனியில் அது இரண்டு அடி வரை போகும். நுனியில் ஒரு மனிதர், அவருக்கு முன்னால் மின்சாரம் ஓடும் தகடு.

முக்கால் மணி நேரம் போல ஆன பயணத்துக்குப் பிறகு கிழிசலுக்கு முன்னால் வந்ததும் பரசின்ஸ்கி முதலில் செய்தது, பார்த்தது. கம்பி எப்படிச் சிக்கியிருக்கிறது என்று கீழிருந்து எடுத்த படங்களில் ஊகிக்கத்தான் முடிந்தது. நேரில் பார்த்தபோது இழை பிரிந்த கம்பி முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தது. எதை வெட்டினால் எது விடுபடும், எது விடுபட்டால் எது தன் பக்கம் பாயும் என்று பார்த்துப் பார்த்து, தரைக்கும் சொல்லி, சம்மதம் வாங்கி வெட்டினார். பிறகு ஒவ்வொரு கஃப்லிங்காக மாட்டினார். ஒரு கையில் ஹாக்கி மட்டை, மறுகையில் தடித்த கையுறைக்குள் கம்பி. இடம் மாற வேண்டும் என்றால் தானே நகர முடியாது. இவ்வளவு மேலே, இவ்வளவு இடப்பக்கம் என்று சொல்ல வேண்டும், உள்ளே இருவரும் நகர்த்துவார்கள், கம்பம் ஆடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மூக்கு நீண்ட இடுக்கி கைதவறி விண்வெளிக்குள் போய்விட்டது.

ஐந்தும் மாட்டியபின் அவரைப் பாதுகாப்பான தூரத்துக்குப் பின்னால் இழுத்துவிட்டு, தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். சிறிது நீட்டுவது, நிறுத்துவது, பார்ப்பது, மறுபடி நீட்டுவது. சிறகு முழுதாக விரிந்து இறுகியது. கஃப்லிங்குகள் பிடித்துக்கொண்டன. மொத்தம் 7 மணி 19 நிமிடம். டிஸ்கவரி நவம்பர் 7 அன்று கென்னடி விண்வெளி மையத்தில் இறங்கியது.

யார் என்ன செய்தார்கள்

கனடார்ம்2-ஐ ரோபோ என்றே சொல்லக் கூடாது, அது மனிதர் ஓட்டும் பளுதூக்கி என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். பாதி சரி. அன்றைக்கு அது தானாக எதையும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஏழு மூட்டுகளை ஒன்றாக ஒருங்கிணைத்து, கைப்பிடியை அசைத்தால் நுனி நேர்கோட்டில் போகும்படி கணக்குப் போடுவதும், ஓட்டுபவர் கையை விட்டதும் அப்படியே நிற்பதும் அதன் கணினிகளின் வேலை. மனிதருக்கு அலுப்பு, நடுக்கம், களைப்பு எல்லாம் உண்டு. ஏழு மணி நேரம் ஒரு மனிதரையும் ஒரு கம்பத்தையும் வெற்றிடத்தில் அசையாமல் தாங்குவது யாராலும் முடியாது, இயந்திரத்தால் முடியும். அந்தக் கையிடம் எதிர்பார்த்தது புத்திசாலித்தனம் அல்ல. சொன்னதைச் செய், சொல்லாததைச் செய்யாதே, எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள் என்பதுதான். நுனியில் நின்றவர் தன் உயிரை அந்தக் குணத்திடம்தான் ஒப்படைத்தார்.

மனிதர் பக்கம் வந்தால், பலரும் இதைத் துணிச்சல் கதையாகச் சொல்வார்கள். துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பரசின்ஸ்கியால் மட்டும் முடிந்தது எது என்று பார்த்தால், அந்த முடிச்சைப் பார்த்துப் புரிந்துகொண்டதும், மெல்லிய தகட்டை நொறுக்காமல் துளைக்குள் கம்பியை நுழைத்ததும்தான். முதலாவது பார்வை, இரண்டாவது தொடுவுணர்வு. அந்த இரண்டிலும் அன்றைய ரோபோக்கள் எங்கேயோ பின்னால் இருந்தன. நாலு மாதம் கழித்து, 2008 மார்ச்சில், டெக்ஸ்டர் என்ற இரண்டு கை ரோபோ நிலையத்துக்குப் போனது. அதுகூடப் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவதற்கென்றே செய்தது, முன்கூட்டியே வடிவம் தெரிந்த பொருளைத்தான் பிடிக்கும். பிரிந்த இழைக் கம்பிக்கு வடிவம் என்ற ஒன்றே கிடையாது.

இதற்கு முன்னால் 1992 மே மாதம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். எண்டெவர் விண்ணோடத்தின் முதல் பயணம். தவறான பாதையில் மாட்டிக்கொண்ட இன்டெல்சாட் செயற்கைக்கோள் ஒன்றைப் பிடித்து மீட்க வேண்டும். அதற்கென்றே தயாரித்த பிடிகம்பியோடு ஒருவர் கையின் நுனியில் போனார், இரண்டு முறை முயன்றும் முடியவில்லை. கடைசியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வெளியே போய், வெறும் கையுறைக் கையால் அதைப் பிடித்து நிறுத்தினார்கள். மனிதக் கையே மேல் என்று அதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அங்கேயும் மூவரில் ஒருவர் நின்றது ரோபோ கையின் நுனியில். கருவி தோற்றது, கூட்டணி தோற்கவில்லை. சிறப்புக் கருவியைவிடப் பொதுவான ஏற்பாடு அந்த நேரத்தில் கைகொடுக்கிறது என்பது இரண்டு சம்பவத்திலும் தெரிகிறது. பிடிகம்பி ஒரே ஒரு வேலைக்குச் செய்தது, அந்த வேலை நினைத்தபடி இல்லாதபோது அதனால் பயனில்லை. பரிசோதனைக் கம்பமும் ஒரு வேலைக்குச் செய்ததுதான், ஆனால் எதில் வேண்டுமானாலும் மாட்டும்படி இருந்தது, நுனியில் எதை வேண்டுமானாலும் வைக்கும்படி இருந்தது.

மூன்றாவது கூட்டாளி தரையில் இருந்தவர்கள். செவ்வாய்க்கிழமை கிழிந்த சிறகுக்குச் சனிக்கிழமை தையல் போட முடிந்தது அவர்களால்தான். விண்வெளியில் மனிதரும் ரோபோவும் என்று பேசும்போது இவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கமாகிவிட்டது. பூமிக்கும் நிலையத்துக்கும் நடுவில் பேச்சு உடனுக்குடன் போய்வந்தது. வெட்டலாமா என்று கேட்டால் வெட்டுங்கள் என்று சில நொடியில் பதில் வரும். இதே கிழிசல் செவ்வாய்க்குப் போகும் கலத்தில் நடந்திருந்தால், ஒரு கேள்விக்குப் பதில் வர அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். அங்கே நெஸ்போலியின் இடத்தையும் ஹூஸ்டனின் இடத்தையும் கலத்துக்குள் இருப்பவர்களும் கணினிகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். கைக்குக் கொஞ்சம் சொந்த அறிவு வேண்டியதும் அங்கேதான். 2007-இல் நடந்ததை அப்படியே அங்கே எடுத்துப்போக முடியாது என்பதையும் இந்தச் சம்பவத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதன் பிறகு

2008 பிப்ரவரியில் கொலம்பஸ் ஆய்வகமும் மார்ச்சில் கிபோவின் முதல் பகுதியும் நிலையத்துக்குப் போயின. வலப்பக்க மூட்டை 2008 நவம்பரில் எஸ்டிஎஸ்-126 குழு சுத்தம் செய்து, உருளைகளை மாற்றி, மசகு போட்டுச் சரிசெய்தது. தள்ளிப்போன ஓடு பழுதுபார்ப்புச் சோதனை எஸ்டிஎஸ்-123 பயணத்தில் நடந்தது. பரசின்ஸ்கி மறுபடி விண்வெளிக்குப் போகவில்லை, 2009 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார்.

விண்ணோடங்கள் ஓய்வு பெறும் நேரத்தில், 2011 மே மாதம் எண்டெவர் தன் கடைசிப் பயணமான எஸ்டிஎஸ்-134-இல் அந்தப் பரிசோதனைக் கம்பத்தை நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தது. விடுவதற்கு முன், நிலையத்தின் கை எடுத்துப் பயன்படுத்த வசதியாக அதன் பிடிமானத்தை விண்நடையில் மாற்றினார்கள். இனிமேல் எட்டாத இடம் என்று ஒன்று வந்தால் விண்ணோடம் வரும்வரை காத்திருக்க முடியாதே.

4பி சிறகு தொடர்ந்து மின்சாரம் தந்தது. 2021 ஜூன் 25 அன்று ஷேன் கிம்ப்ரோவும் பிரான்சின் தாமா பெஸ்கேயும் அதற்கு முன்னால் ஒரு புதிய சிறகைப் பொருத்தினார்கள். அது மடிப்பு வகை அல்ல, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி அனுப்பியது. மோட்டார் எதுவும் இல்லாமல், சுருட்டி வைத்த கம்பங்களின் விறைப்பாலேயே சில நிமிடங்களில் தானாக விரிந்தது. அந்த வடிவமைப்பில் வழிக்கம்பி கிடையாது.